முதல் ரீப்பருக்கு ஒரு விரல் கூட

2024 ஆவணி. சேரன்மகாதேவியில் ஒரு வீட்டுப் புறவாசலில் நின்று, உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முந்தின மார்கழி பிறந்த அன்று, அதாவது 2023 டிசம்பர் 17-ல் ஆரம்பித்து மறுநாளும் விடாமல் கொட்டியதே ஒரு மழை, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்ததே, அந்த மழையில் தென்னை ஒன்று சாய்ந்து ஷீட்டின் நடுமுதுகில் விழுந்திருக்கிறது. எட்டு மாதமாக நீலத் தார்ப்பாயைக் கட்டி ஒப்பேற்றி வந்திருக்கிறார்கள். தார்ப்பாய்க்கு அடியில் தேங்காய்க் குவியல், உளுந்து மூட்டை, விறகு, பழுதான ஒரு மோட்டார், கல்யாணத்துக்கு வாங்கிய பெரிய வார்ப்பு. வீட்டுக்குள் வைக்க முடியாதது, வெளியே போடவும் மனசில்லாதது எல்லாம் அங்கேதான் கிடந்தது.

“ஓடு போட்டுத் தருவியாய்யா?” என்றார் ஆச்சி. எண்பதை நெருங்கும் வயது. மகன் அமெரிக்காவில். அவர் போனில் வந்து, “கலர் ஷீட் போட்டா ஒரே நாள்ல முடிஞ்சிரும்லா அண்ணாச்சி, அம்மாகிட்ட நீங்க கொஞ்சம் சொல்லுங்க” என்றார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. “அவன் கெடக்கான். பங்குனி மாசம் மத்தியானம் அந்த ஷீட்டுக்கடியில உக்காந்து பத்துத் தேங்கா உரிச்சுட்டுப் பேசச் சொல்லு” என்றார் ஆச்சி. பேச்சு அதோடு முடிந்தது.

ஓட்டு வேலை என்று இப்போது என்னைத் தேடி ஆள் வருவது வருசத்துக்கு நாலைந்து தடவை இருந்தால் அதிகம். ஒரு காலத்தில் ஆவணி, புரட்டாசி இரண்டு மாதமும் வீட்டில் இருந்து சாப்பிட்டதில்லை. கல்யாணமான புதிதில், “நாளைக்கு அம்பையில ஓடு மேயணும்” என்று சொன்னதைக் கேட்டு என் மனைவி சிரித்தது ஞாபகம் இருக்கிறது. அவள் வடக்கத்தி. அவள் ஊரில் மாடுதான் மேயும். வேய்தல் என்பது புத்தகத்துச் சொல். எங்களுக்கு ஓலை மேய்வதும் ஓடு மேய்வதும்தான் வாய்க்கு வரும்.

தொழிலுக்கு வந்தது 1978-ல், பதினாலு வயதில். தாய்மாமா கூடத்தான். கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், வீரவநல்லூர், சேரன்மகாதேவி என்று ஆற்றங்கரையை ஒட்டியே அவருக்கு வீடுகள் உண்டு. ‘வீடுகள்’ என்றால் சொந்த வீடுகள் இல்லை. வருசா வருசம் அவர்தான் ஏற வேண்டிய கூரைகள். நாட்டு ஓட்டுக்கு அது வழக்கம். நாட்டு ஓட்டைக் குயவர் சக்கரத்தில்தான் எடுப்பார். உருளையாக வனைந்து, பாதி காய்ந்ததும் நெடுக இரண்டாக வகிர்ந்து, சூளையில் வைப்பார். காருகுறிச்சியில் இன்றும் சக்கரம் சுற்றுகிறது. பானையும் அடுப்பும் வருகிறது. நாட்டு ஓட்டில் ஒன்றை மல்லாத்தி, ஒன்றைக் கவிழ்த்தி அடுக்கிக்கொண்டு போக வேண்டும். ஆணி கிடையாது, கட்டு கிடையாது. தன் கனத்தில்தான் அது நிற்கிறது. ஆகவே நகரும். பூனை ஓடினால் நகரும், அணில் கூடு வைத்தால் நகரும். மலையடிவார ஊர் என்றால் குரங்கு. அது ஓட்டை நகர்த்துவதோடு விடாது, எடுத்துப் பார்த்து, பிடிக்காவிட்டால் தெருவில் எறியும்.

இதற்கெல்லாம் மேலே ஆடிக்காற்று. செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் வருகிற மேல்காற்று ஆனியில் பிடித்தால் ஆவணி வரை விடாது. குற்றாலத்துக்குச் சாரல் கொடுக்கிற அதே காற்று எங்கள் ஊருக்கு வரும்போது வெறும் காற்றாகத்தான் வரும். மழை எங்களுக்கு ஐப்பசியில், எதிர்த்திசையிலிருந்து. ஆக, மேல்காற்று கலைத்துப் போட்டதை, கீழ்மழை வருவதற்குள் சரிபண்ண வேண்டும். இடையில் கிடைப்பது ஆவணிக் கடைசியும் புரட்டாசியும்தான். புரட்டாசியில் யாரும் புதுவீட்டு வேலை தொடங்கமாட்டார்கள் என்பதால் கொத்தனாரும் சித்தாளும் சும்மா இருப்பார்கள். கையாள் தட்டுப்பாடு இல்லை. ஊர் வழக்கமும் காற்றும் சேர்ந்து எங்களுக்கு ஒதுக்கிவைத்த மாதம் அது.

பட்டாசல், மச்சு, முன்தாழ்வாரம் எல்லாம் மாமா கை. எனக்குக் கொடுத்தது புறவாசல். மாட்டுத்தொழுவம், விறகுச் சாய்ப்பு, குளிக்கிற மறைப்பு. “படுத்திருக்கவன் மூஞ்சில ஒழுகுனா நம்ம கூலி போச்சு. விறகு நனைஞ்சா, வீட்டுக்காரி ரெண்டு நாள் ஊதாங்குழலோட நம்மள வைவா, அவ்வளவுதான். நீ இங்க படி” என்பார். நாலு வருசம் புறவாசலிலேயே படித்தேன். இன்றைக்கு யோசித்தால், அவர் தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டார் என்று தோன்றுகிறது. பட்டாசல் கூரைக்கு உயரம் தாராளம், சாய்வு தாராளம், மரமும் நல்ல மரம். யார் மேய்ந்தாலும் தண்ணீர் ஓடிவிடும். பெரிய வீட்டின் சுவரோரமாக, மிச்சம்மீதி மரத்தில், ஒருபக்கச் சாய்வாக ஒண்டியிருக்கிற சாய்ப்புதான் கஷ்டமான கூரை. வீட்டுக்கூரைத் தண்ணீரும் அதன் தலையில்தான் விழும்.

சேரன்மகாதேவி சாய்ப்பும் அப்படித்தான். வீட்டின் கீழ்ப்புறச் சுவரை ஒட்டி, பன்னிரண்டடி நீளம், ஒன்பதடி அகலம். எதிர்ப்பக்கம் நாலு கல்லுக்கால். அவை அசையவில்லை. இனி அசையவும் மாட்டா. ஷீட்டைத் தாங்கிய இரும்புப் பைப்பைக் கழற்றிப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டு, கூரைச் சாய்வைத் தாங்கப் பனங்கை தேடினோம். பனைக்கு ஈடான மரம் சாய்ப்புக்குக் கிடையாது. முற்றின பனையின் வெளிவட்டம் கறுத்து இரும்பாகிக் கிடக்கும். உள்ளே இருப்பது வெறும் சோறு. நெடுகப் பிளந்து, சோற்றைச் செதுக்கித் தள்ளிவிட்டு, வைரத்தை மட்டும் கையாக எடுக்க வேண்டும். சோறு மிச்சமிருந்தால் பூச்சி அங்கேதான் குடியேறும். இப்போது பனையை நினைத்தபோது வெட்டிவிட முடியாது. 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே கலெக்டர் அனுமதி வேண்டும் என்று அறிவித்துவிட்டார்கள். நல்லதுதான். இடித்த வீடுகளில் பழைய கை கிடைக்கிறது. ஐம்பது அறுபது வருசம் சமையல் புகை குடித்த பனங்கையில் ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். துளை போட்டுத்தான் அடிக்க வேண்டும். பத்தமடைப் பக்கம் ஒரு வீடு இடிபட்டது. கையும் அங்கேயே, ஓடும் அங்கேயே.

ஓடு சீமை ஓடு. மங்களூர் ஓடு என்று கடைக்காரர் சொல்வார். அடிப்பக்கம் திருப்பினால் எழுத்து இருக்கும். சிலவற்றில் பேசல் மிஷன் முத்திரையும் 1865 என்ற வருசமும். விற்கிறவர் அதைக் காட்டி, “நூத்தம்பது வருசத்துப் பழைய ஓடு அண்ணாச்சி” என்று விலையை ஏற்றுவார். 1865 என்பது ஓடு பிறந்த வருசம் இல்லை, கம்பெனி பிறந்த வருசம். சுவிட்சர்லாந்துப் பாதிரிமார் சங்கமான பேசல் மிஷன், ஜார்ஜ் பிளெப்ஸ்ட் என்பவரை வைத்து மங்களூரில் நேத்ராவதி ஆற்றங்கரைக் களிமண்ணில் ஓடு அடிக்க ஆரம்பித்தது அந்த வருசம். மதம் மாறியதால் சாதித் தொழிலை இழந்தவர்களுக்கு வேலை வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. முதல் உலகப்போரில் வெள்ளைக்காரன் அந்த ஆலைகளைப் பிடுங்கிக்கொண்டான். பிறகு காமன்வெல்த் டிரஸ்ட் கைக்குப் போயிற்று. ஓட்டின் வடிவமோ அவர்களுடையதும் இல்லை. பக்கத்து ஓட்டோடு கொக்கி போட்டுக் கோத்துக்கொள்கிற வாய், பின்பக்கம், கைகளுக்குக் குறுக்கே அடிக்கிற ரீப்பர் சட்டத்தில் மாட்டுகிற இரண்டு குமிழ் என்கிற இந்த யோசனைக்குப் பிரான்சின் அல்சாஸ் பகுதியைச் சேர்ந்த ஜிலார்டோனி சகோதரர்கள் 1841-லேயே உரிமம் வாங்கியிருக்கிறார்கள்.

இந்த ஓடு வந்ததும் நாட்டு ஓட்டுக்காரனுக்குப் பாதி வேலை போயிற்று. கொக்கி போட்ட ஓடு அவ்வளவு லேசில் நகராது. வருசா வருசம் ஏறினவன், மூன்று வருசத்துக்கு ஒருதரம் ஏறினான். மாமாவுக்கு அதன்மேல் ஒரு கசப்பு உண்டு. “இது ஓடு இல்லல, பூட்டு” என்பார். ஆனால் மேய்வதில் அவரைப்போல நேர்த்தி யாருக்கும் வராது.

பழைய ஓட்டை வாங்கும்போது ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டும். ஆள் பொறுமை இழப்பான், இழக்கட்டும். இடது கையில் ஓட்டின் தலையைத் தொங்கவிட்டு, வலது கை நடுவிரல் மொழியால் ஒரு தட்டு. வெண்கலக் கிண்ணம் மாதிரி ‘டிங்’ என்றால் வைத்துக்கொள். ‘டப்’ என்றால் எங்கோ மயிரிழை விரிசல் ஓடுகிறது. கண்ணுக்குத் தெரியாது, தள்ளு. முந்நூறில் ஐம்பது தள்ளி இருநூற்றைம்பது எடுத்தேன். வேண்டியது இருநூற்றிருபது. கணக்கு இதுதான்: சீமை ஓடு பதினாறு அங்குல நீளம், ஒன்பதேகால் அகலம். ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்தபின் வெளியே தெரிவது நீளத்தில் பன்னிரண்டரை அங்குலம், அகலத்தில் எட்டேகால். நூறு சதுரடிக்கு உடைசலும் சேர்த்து நூற்றைம்பது என்று வாய்க்கணக்கு. எங்கள் சாய்ப்பு, இரண்டு பக்கமும் ஓரடி வெளியே தள்ளி பதினாலடி. வரிசைக்கு இருபது ஓடு, பதினோரு வரிசை.

ராத்திரி முழுக்கத் தொட்டித் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் தேங்காய்ச் சவுரி வைத்துத் தேய்த்தோம். அறுபது வருசப் பாசி கறுப்பாகக் கரைந்து ஓட, உள்ளிருந்து செம்பருத்தி நிறம் வந்தது. கையாள் பையன், “புது ஓடு மாதிரி இருக்கு மாமா” என்றான். மூன்று தேள், ஒரு பூரான். ஓட்டுக்குள் விரல் விடாதே என்று முதலிலேயே சொல்லியிருந்ததால் சேதமில்லை.

இனி சாய்வு. இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

1992-ல் எனக்கு இருபத்தெட்டு வயது. மாமா இல்லாமல் தனியாக எடுத்த வேலை, ஆற்றங்கரையில் ஒரு வீட்டுப் புறவாசலில் நெல் போடுகிற சாய்ப்பு. மாடி ஜன்னலை மறைக்கக்கூடாது, உயரத்தைக் குறை என்றார் வீட்டுக்காரர். சீமை ஓட்டுக்கு இரண்டடிக்கு ஓரடி ஏறவேண்டும். அவர் சொன்ன உயரத்துக்கு நாலடிக்கு ஓரடிதான் வந்தது. எனக்குத் தெரியும். தெரிந்தும் சரி என்றேன். முதல் தனி வேலை, கைநழுவிப் போய்விடுமோ என்ற பயம். வேலை முடிந்ததும் குடத்தில் தண்ணீர் ஊற்றிக் காட்டினேன். சொட்டு விழவில்லை. குடத்துத் தண்ணீர் மேலிருந்து கீழேதான் வரும் என்பதை யோசிக்கவில்லை.

நவம்பர் 13 ராத்திரி அந்த மழை வந்தது. தாமிரபரணி அன்றைக்கு எடுத்த வெள்ளத்தை ஆற்றங்கரையில் வயசானவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆறு அந்த வீட்டுக்குள் வரவில்லை. ஆனால் காற்று சுழன்று அடித்ததில், ஓட்டின்மேல் ஓடிய தண்ணீர் திரும்பி, மேலோட்டுக்கும் கீழோட்டுக்கும் நடுவே ஏறி, ரீப்பர் வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது. வழி திறந்து நான் போய்ச் சேர நாலைந்து நாள் ஆயிற்று. வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை. கார் அறுப்பு நெல் மூட்டை ஒன்றின் தையலைப் பிரித்து, உள்ளே கைவிட்டு ஒரு பிடி அள்ளி, என் உள்ளங்கையில் வைத்தார். நெல் வெதுவெதுவென்று இருந்தது. ஒவ்வொரு மணியின் நுனியிலும் வெள்ளையாக, ஊசி முனையளவு முளை.

மாமாவிடம் போய்ச் சொன்னேன். திட்டவில்லை. “தண்ணி மேலேருந்து வரும்னு நினைச்சு மேய்ஞ்சிருக்க. அது பின்னாலருந்தும் வரும்ல” என்றார். அந்தக் கூரையைக் கூலி இல்லாமல் பிரித்து மேய்ந்து கொடுத்தேன். மாடி ஜன்னல் பாதி மறைந்தது.

மற்றொன்றையும் அன்றைக்குத்தான் அவர் விளக்கினார். அதுவரை செய்துகொண்டிருந்தேனே தவிர ஏன் என்று கேட்டதில்லை. கை ஒரு சாய்வில் கிடக்கிறது. அதன்மேல் கிடக்கிற ஓட்டுக்கு அந்தச் சாய்வு கிடைப்பதில்லை. ஏனென்றால் ஓட்டின் தலை ரீப்பரில் இருக்கிறது, கால் கீழோட்டின் முதுகில் இருக்கிறது. கால் தூக்கிக்கொண்டு நிற்பதால் ஓடு, கையைவிடக் கொஞ்சம் படுத்துத்தான் கிடக்கும். எல்லா வரிசைக்கும் அப்படித்தான். இறவாரத்து முதல் வரிசைக்கு மட்டும் அடியில் ஓடு இல்லை. கால் வைக்க முதுகு இல்லை. அப்படியே விட்டால் அந்த வரிசை மட்டும் மூக்கை நட்டுக்கொண்டு தொங்கும். இரண்டாம் வரிசை அதன்மேல் ஒட்டி உட்காராது. இடையில் வாய் திறந்து நிற்கும். அதனால், இறவாரத்து முதல் ரீப்பரை மட்டும் மற்றவற்றைவிட ஒரு விரல் கனமாகப் போட வேண்டும். இல்லாத ஓட்டுக்குப் பதிலாக ஒரு விரல் மரம். தெருவில் போகும்போது இறவாரத்தைப் பார்த்தாலே மேய்ந்தவன் இதைச் செய்தானா இல்லையா என்று சொல்லிவிடலாம். நான் பார்க்காமல் நடப்பதில்லை. கூட வருகிறவர்களுக்கு அது தொந்தரவுதான்.

சேரன்மகாதேவியில் இறவாரம் ஆறடி, சுவரோரம் பதினொன்றேகால். இறவாரம் வெளியே தள்ளினதும் சேர்த்து, சமதளத்தில் பத்தரை அடிக்கு ஐந்தேகால் ஏற்றம். கல்லுக்கால் தலையில் விட்டத்தைப் போட்டு, டியூப்பில் தண்ணீர் பிடித்து மட்டம் பார்த்தோம். முதல் கையும் கடைசிக் கையும் விட்டத்துக்குச் சரியாக மூலை நிற்கிறதா என்று மூணு-நாலு-அஞ்சு வைத்துப் பார்த்தோம். இதில் அரை அங்குலம் பிசகினால் பதினோராவது வரிசைக்குப் போகும்போது ஓட்டின் கொக்கி கோக்காது. பல் கோணின சீப்பு மாதிரி இளித்துக்கொண்டு நிற்கும். கைகளின்மேல் ரீப்பர், பன்னிரண்டரை அங்குலத்துக்கு ஒன்று. அளவுகோல் வைத்து அடிக்கமாட்டேன். அதே அளவுக்கு வெட்டின இரண்டு மரத்துண்டுதான் அளவு. கோலைப் படிக்கும்போது கண் தப்பும். துண்டு தப்பாது. இறவாரத்து முதல் ரீப்பரின்மேல் ஒரு விரல் கனத்தில் தேக்குச் சட்டம் ஒன்றை வைத்து அடித்தேன். கையாள் பையன் ஏன் என்று கேட்டான். பதினாலு வயதில் நான் கேட்காததை அவன் முதல் நாளே கேட்டுவிட்டான். நெல் கதையோடு சேர்த்துச் சொன்னேன்.

ஓடு ஏற்றுவது ஒரு தாளம். கீழே ஒருவர் இரண்டிரண்டாக எடுத்து வீசுவார். ஏணியில் நிற்பவர் பிடித்து மேலே வீசுவார். பிடிக்கும்போது கை ஓட்டை எதிர்க்கக்கூடாது. வருகிற வேகத்திலேயே ஒரு சாண் பின்னால் போய், அப்புறம் நிற்க வேண்டும். புதுசாக வருகிறவன் கையை நீட்டிப் பிடிப்பான். மணிக்கட்டு வீங்கும், ஓடும் உடையும். எங்கள் விரல் நுனியில் ரேகை இருக்காது. ரேஷன் கடையில் கைரேகை மெஷின் என்னை ஒருதடவையில் ஒத்துக்கொண்டதே இல்லை. மேலே உட்கார நனைத்த சாக்கு வேண்டும். பதினொரு மணிக்குமேல் ஓடு சட்டி மாதிரி சுடும். நடப்பதென்றால் ஓட்டின் நடுவில் மிதிக்கக்கூடாது. இரண்டு ஓடு ஏறி உட்கார்ந்திருக்கும் இடத்தில், ரீப்பருக்கு நேர்மேலே பாதத்தை வைத்தால் யானை போனாலும் தாங்கும். நடுவில் வைத்தால் குழந்தை கால் போதும்.

இறவாரத்தில் நூல் பிடித்து முதல் வரிசை. அதை வைக்க மட்டும் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டேன். மீதிப் பத்து வரிசை மத்தியானத்துக்குள் முடிந்தது. இறவாரம், இரண்டு ஓரம், சுவரோரம் நாலு பக்கத்து ஓட்டையும் அடிக்குமிழில் இருக்கும் துளை வழியாகக் கட்டுக்கம்பி விட்டு ரீப்பரோடு முறுக்கினேன். காற்று கூரையை நடுவில் பிடித்துத் தூக்குவதில்லை. ஓரத்தில்தான் நகம் வைக்கும். உளுந்து மூட்டைக்கு மேலே வெளிச்சம் விழ, நடுவில் இரண்டு கண்ணாடி ஓடு. இருநூற்றிருபது ஓடும் சேர்ந்து ஐந்நூற்றைம்பது கிலோ. மழையில் ஊறினால் இன்னும் நூறு கிலோ வரை ஏறும். பனங்கையாக இருக்கப்போய்க் கவலையில்லை.

ஓட்டுத்தலை சுவரைத் தொடுகிற இடத்தைப் பழைய வீடுகளில் அழகாகச் செய்திருப்பார்கள். சுவரிலேயே ஒரு செங்கல் வரிசை இரண்டு அங்குலம் துருத்திக்கொண்டு நிற்கும்; அதன் அடியில் ஓட்டுத்தலை நுழைந்துகொள்ளும். சுவரில் வழிகிற தண்ணீர் செங்கல் மூக்கிலிருந்து ஓட்டின் முதுகில் குதித்துவிடும். இந்தச் சுவரில் அது இல்லை. சுவரைக் கீறி, சுண்ணாம்பு கலந்த சாந்தில் ஒரு மூக்கு இழுத்தேன். தனிச் சிமெண்டு வைத்தால் இரண்டு கோடையில் வெடித்து, தலைமுடி அகலத்தில் ஒரு கோடு விழும். மூட்டையை நனைக்க அது போதும்.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஆச்சியின் மகன் மறுபடி போனில் வந்தார். இந்தத் தடவை படம் காட்டுவதற்கு. அவர் வீட்டுப் புறவாசலிலும் ஒரு சாய்ப்பு இருக்கிறதாம். புல்வெட்டி மெஷினும் சைக்கிளும் போடுகிற மரக் கொட்டகை. அதற்கு இவரே ஞாயிற்றுக்கிழமைகளில் ஏறிக் கூரை போட்டிருக்கிறார். ஷிங்கிள்ஸ் என்றார். தார் தோய்த்த பாய்த் துண்டு மாதிரி இருக்கிறது. மேலே பொடிக்கல் தூவியிருக்கிறார்கள். முதலில் கூரை முழுக்கப் பலகை அடித்து, அதன்மேல் தார்க்காகிதம் விரித்து, அதன்மேல் இந்தத் துண்டுகளைக் கீழிருந்து மேலே வரிசை வரிசையாக ஆணி அடிக்கிறார்கள். கீழ்வரிசை ஆணித்தலையை மேல்வரிசை மூடுகிறது. ஒரு வரிசையின் சந்துக்கு நேரே அடுத்த வரிசையின் சந்து வருவதில்லை.

“இறவாரத்துல முதல் வரிசைக்கு அடியில என்ன வச்சீய?” என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. பிறகு, “அதுக்குன்னே தனியா ஒரு பட்டை விக்கான் அண்ணாச்சி. அத முதல்ல ஒட்டிட்டுத்தான் தொடங்கணும். நான் முதல் தடவை அதை விட்டுட்டேன். சந்து வழியா தண்ணி போயிப் பலகை உளுத்துப்போச்சு. பிரிச்சுத் திருப்பி அடிச்சேன்” என்றார்.

எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அந்தச் சரக்கு இங்கே வேண்டாம் என்பதில் மாற்றமில்லை. கூரை முழுக்கப் பலகை அடிக்கிற காசில் இன்னொரு சாய்ப்பு கட்டலாம். ஓட்டுக்கூரையில் சந்துக்குச் சந்து காற்று போய்வரும். தகரத்தடியில் மார்கழி விடியலில் வியர்த்துச் சொட்டுகிற சொட்டு இங்கே விழாது, உளுந்து பூக்காது. ஆனால் எந்தக் கூரைக்கும் வேலை ஒன்றுதான். நெல்லையப்பர் கோயில் தாமிர சபைக்கு மாமா ஒருமுறை என்னைக் கூட்டிப்போனார். எல்லோரும் உள்ளே மரச் சிற்பத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் வெளியே நின்று செப்புத்தகட்டுக் கூரையின் இறவாரத்தை மட்டும் அண்ணாந்து பார்த்தார். கீழடி அருங்காட்சியகத்துக்குப் போன வருசம் பேரனோடு போனேன். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சுடுமண் ஓட்டுத்துண்டு. ஈர மண்ணில் விரலால் நெடுக இழுத்த பள்ளம், தண்ணீர் ஓட. தலைமாட்டில் துளை, மரத்தோடு கட்ட. விரல் இழுத்த இடத்தில் விரலின் அகலம் அப்படியே இருக்கிறது. என் விரலைக் கண்ணாடியின்மேல் வைத்து அளந்தேன். காவலர் தொடக்கூடாது என்றார்.

வேலை முடிந்தால் மாமா ஒன்று செய்வார். சாய்ப்பின் உட்சுவரில், ஓட்டுக்குச் சற்றுக் கீழே, அடுப்புக்கரியால் வருசம், மாதம், மேய்ந்த ஓடு எத்தனை, மிச்சம் எத்தனை என்று எழுதிவைப்பார். அடுத்த தடவை வரும்போது எத்தனை ஓடு வாங்கிவர வேண்டும் என்பதற்கு அதுதான் நோட்டு. சில வீடுகளில் அவர் எழுத்துக்கு மேலே அவர் அப்பாவின் எழுத்தும் இருந்தது. நானும் எழுதினேன்: 2024 புரட்டாசி. 220. மிச்சம் 30. மிச்ச ஓட்டைச் சுவரோரம் செங்குத்தாக அடுக்கிவைத்தேன்.

ஐப்பசியில் முதல் மழைக்கு ஆச்சி போன் போட்டார். கண்ணாடி ஓட்டுப் பக்கம் ஒரு சொட்டு விழுகிறதாம். பஸ் பிடித்துப் போனேன். மழை பெய்துகொண்டிருக்கும்போது கூரைக்கு அடியில் நிற்பதுதான் எங்களுக்குப் பரீட்சை. ஏணி வேண்டியிருக்கவில்லை. கண்ணாடி ஓடு மண் ஓட்டைவிடக் கொஞ்சம் ஒல்லி, கொக்கியில் ஆடியிருக்கிறது. தொறட்டிக் கம்பை எடுத்து அடியிலிருந்து அரை விரல் மேலே தள்ளி, இடதுபக்கம் ஒரு தட்டு. சொட்டு நின்றது. ஆச்சி காப்பி கொண்டுவந்தார். விறகின்மேல் உட்கார்ந்து குடித்தேன். மழை ஓட்டில் விழுகிற சத்தத்தில் அவர் சொன்னது பாதி கேட்கவில்லை.

மறுவருசம் புரட்டாசியில் யாரும் கூப்பிடாமலே போனேன். மிச்ச அடுக்கில் இருபத்தேழு ஓடு இருந்தது. அண்ணாந்து பார்த்தால் கூரையில் மூன்று இடத்தில் நிறம் புதுசு. ஆச்சி உள்ளூர்ப் பையன் எவனையோ ஏற்றி மாற்றியிருக்கிறார். என் கரி எழுத்துக்குக் கீழே, நடுங்கின கையெழுத்தில், சாக்பீஸால் ஒரு வரி: தேங்காய் 2, குரங்கு 1.